பெயர் கேட்ட கடிதம்

மார்ச் 14, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். கதவு எண் 41 என்பதை 14 என்று எழுதி வைத்திருந்தேன். அதனால் மேடம், பல்லி, நான் மூவரும் முதலில் ஏறியது ஒரு பல் மருத்துவரின் மாடி. மேடம் வரவேற்பு மேசையில் விசாரித்து முடிப்பதற்குள், உள்ளே இருந்து வந்த பெண் பல்லியைக் கூட்டிப் போய் நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டாள்.

கீழே இறங்கும்போது தாடையைத் தடவிக்கொண்டே பல்லி சொன்னார்: "வக்கீலம்மா, நீ ரெண்டு எண்ணை இடம் மாத்தினதுல என் கடைவாய்ப் பல்லே இடம் மாறியிருக்கும்."

மேடம் என் நோட்டை வாங்கி, எண்ணைத் தானே திருத்தினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மேடம் இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவர். இப்போது இரண்டு அறையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். பல்லி அவருடைய கொழுந்தன். வண்டி ஓட்டுவது, விசாரிப்பது, வம்பு பேசுவது மூன்றும் அவர் பொறுப்பு. யார் என்ன பேசினாலும் நடுவில் 'ச்சு' கொட்டுவதால் அந்தப் பெயர். நிஜப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். நான் பகலில் இவர்களுக்குக் குறிப்பெடுக்கிறேன், மாலையில் சட்ட வகுப்புக்குப் போகிறேன். சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் என் வேலை. அதிலேயே இப்படித் தவறு வந்தால் வேறு எதில் நான் தேறுவேன் என்று தெரியவில்லை.

வழக்கு இது. பொதுநல நிதிக்குழு ஒன்றின் செயலாளர் நேற்று அலுவலகத்துக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான குரல். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் ஒரு மையத்துக்கு அந்தக் குழு ஆண்டுதோறும் நிதி கொடுக்கிறது. எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் கூடவே போகும் ஆள், பேசி மனதை ஆற்ற ஓர் அறை, பள்ளிகளிலும் ஆலைகளிலும் தடுப்பு வகுப்புகள். எல்லாம் அந்த நிதியில்தான் நடக்கிறது. நாளை பதினொரு மணிக்குக் குழு கூடி, நிதியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும். இந்த நேரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது என்று அதை மேடத்திடம் கொடுத்தார். மையத்துக்கு யாருமே வருவதில்லை, காட்டும் எண்ணிக்கை எல்லாம் கட்டுக்கதை, வாரந்தோறும் புதுத்துணி வாங்கி வேலை செய்கிறவர்கள் உடுத்துகிறார்கள். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவர் பேசியதை என் குறிப்பு நோட்டிலிருந்து அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்: "நூத்தி நாப்பது பேருக்கு உதவி பண்ணினோம்னு எழுதுறாங்க. ஒருத்தர் பேர்கூட இல்ல. கையில ஒரு பித்தளைப் பொத்தானைக் குடுத்து அனுப்பிட்டு, அதை ஒரு ஆளுன்னு காட்டுறாங்க. எனக்குப் பத்துப் பேரோட பெயரும் விலாசமும் வேணும். சீல் வெச்ச உறையில, என் கையில மட்டும். அது கிடைச்சா நிதிக்கு நான் பொறுப்பு. கிடைக்கலைன்னா மூட வேண்டியதுதான்."

மேடத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆள் இருந்தால் பெயர் இருக்க வேண்டும்.

41ஆம் எண் கட்டடத்தின் மாடியில் பெயர்ப் பலகை இல்லை. கதவைத் தட்டினால் முதலில் ஒரு கண் துவாரம் இருண்டு, பிறகு வெளிச்சமாகி, அதன் பிறகே தாழ்ப்பாள் திறந்தது. உள்ளே இன்னொரு கதவு. அது பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகிறது. வருகிறவர் ஒரு வழி, போகிறவர் மறு வழி. மேடம் என் பக்கம் திரும்பி, இரண்டு வழியையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். காப்பீட்டு வேலையில் பின்வழி வைத்திருந்த கடைகள்தான் அடிக்கடி தீப்பிடித்தனவாம்.

மையத்தின் பொறுப்பாளர் முன்பு மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியாக இருந்தவர். இன்னமும் எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். தொலைபேசி மேசையில் ஒரு பெண் தலையைக் குனிந்து, "இல்லம்மா, உன் மேல தப்பே இல்ல" என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நிஜமாகவே ஆள் இருக்கிறதா என்று நான் சந்தேகப்பட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தேகப்பட்டேன். இன்னொரு பணியாளர் ஒரு பள்ளிக்குத் தடுப்பு வகுப்பு எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் தொடுவது பிடிக்கவில்லை என்றால் அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்று குழந்தைகளுக்கும், சொன்னால் எப்படிக் காது கொடுப்பது என்று ஆசிரியர்களுக்கும் அந்த வகுப்பு.

மேடம் பத்துப் பெயர் கேட்டார்.

"இல்ல," என்றார் சிஸ்டர்.

"நிதி நின்னுடும்."

"தெரியும். மாசக் கடைசியில இந்த ஃபோன் நிக்கும்."

"பத்து வேண்டாம் சிஸ்டர், ஒண்ணாவது?" என்று பல்லி இழுத்தார்.

"அரையும் கிடையாது தம்பி."

பிறகு அவராகவே போய் அலமாரியைத் திறந்தார். வரிசையாகக் கோப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொத்தான் தைத்திருந்தது. முதல் முறை வருகிறவர் தகர டப்பாவிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு ஜோடிப் பொத்தானை எடுத்துக்கொள்வாராம். ஒன்று அவரிடம், மற்றது கோப்பில். அடுத்த முறை வந்தாலோ பேசினாலோ பொத்தானைச் சொன்னால் போதும். பெயர் காவல் நிலையத்துக்குத் தேவை, மருத்துவருக்குத் தேவை. இங்கே தேவையில்லை என்றார். தலையணைக்கு அடியில் ஒரு பொத்தான் கிடந்தால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரு சீட்டு கிடந்தால் கேட்பார்கள். இந்த ஏற்பாட்டை எந்த விண்ணப்பத்திலும் அவர் எழுதியதில்லை. இன்று எங்களிடம் காட்டியதுகூட, கோப்பு நிஜம் என்று நாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

நான் கண்ணுக்கெட்டிய கோப்புகளை எண்ணினேன். அறுபத்திரண்டு. சிவப்பு, நீலம், வெள்ளை, இரண்டு துளை, நான்கு துளை. எல்லாம் பிளாஸ்டிக். என் குறிப்பிலோ 'பித்தளை' என்று இருந்தது. 41, 14 ஆன மாதிரி இதுவும் என் கைக் கோளாறுதான் என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன். ஒரே நாளில் இரண்டு தவறை ஒப்புக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

படியிறங்கும்போது மேடம் முகம் இறுகியிருந்தது. "சொல்ல மாட்டேன்னு நிக்கிறவங்க ரெண்டு ஜாதி. ஒளிக்கிறவங்க, காக்கிறவங்க. முகம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றார்.

"அப்ப முகத்தை விட்டுட்டுத் துணியைப் பார்க்கலாம் அண்ணி," என்றார் பல்லி.

அந்தத் தெருவில் இருந்ததே ஒரு துணிக்கடைதான், கோடியில். பல்லி உள்ளே போய்த் தனக்கு ஒரு பனியன் பார்ப்பது போல நடித்து, மாடி மையத்துக்காரர்கள் இங்கேதான் வாங்குவார்களாமே என்று பேச்சைத் திருப்பினார். கடைக்காரர் உடனே பனியனை மடித்து உள்ளே வைத்துவிட்டார். கடையில் பனியனே இல்லை என்றார். பல்லி நேற்றைய மழையில் நனைந்த கோழி மாதிரி என்னைப் பார்த்தார்.

மேடம் முன்னால் வந்து, தான் யார், எதற்கு வந்தோம், நாளை என்ன நடக்கப் போகிறது என்று மூன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைக்காரர் வெகுநேரம் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு மேசையடியிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து வைத்தார். மையத்துக்கு அவர் அனுப்பிய துணிகளின் அளவு மட்டும் அதில் இருந்தது. அடுத்த முறைக்கு எந்த அளவைக் கையிருப்பில் வைக்கலாம் என்று பார்க்கவாம். முப்பத்தாறு. நாற்பத்திரண்டு. முப்பத்திரண்டு. இரண்டு இடத்தில் ஆண் அளவு. நான் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு வரியில் நின்றேன். எட்டு வயது.

எதற்கென்று அவர் கேட்டதே இல்லையாம். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு முழுச் செட்டுதான் கேட்பாராம், உள்ளாடையிலிருந்து மேல்துணி வரை. மெத்தென்று இருக்க வேண்டும், உறுத்தக் கூடாது.

"அந்தக் குழந்தை அளவு கேட்ட அன்னிக்கு ஆளை அனுப்பலம்மா. நானே எடுத்துட்டுப் போனேன். கதவு வரைக்கும்தான். உள்ள எட்டிப் பார்க்கல," என்றார்.

மேடம் எனக்கு விளக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில், வன்முறைக்கு ஆளானவர்கள் உடுத்தியிருந்த துணியைச் சாட்சியத்துக்காக எடுத்துக்கொள்வார்கள். பிறகு அவர்கள் எதை உடுத்திக்கொண்டு வீடு போவது? சாட்சியச் சட்டத்தில் அந்தப் பாடத்தைப் போன மாதம்தான் படித்தேன். துணி உறைக்குள் போவது வரை புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெண் வெளியே வருவது புத்தகத்தில் இல்லை.

வண்டியில் ஏறியதும் மேடம் என்னிடம் எண்ணச் சொன்னார். நோட்டில் பதினொரு வகை அளவு. மையத்தில் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர்.

"மூணு பேர் உடுத்துறதுக்குப் பதினொரு அளவா?" என்றார் மேடம். "அதுல ஒருத்தருக்கு எட்டு வயசா?"

"அப்போ மாசத்துக்கு ஒரு தரம் ஊதி, ஒரு தரம் வத்துற வியாதி யாருக்காச்சும் இருக்கணும்," என்று ஆரம்பித்த பல்லி பாதியில் நிறுத்திக்கொண்டார். 'ச்சு'கூடக் கொட்டவில்லை.

ஆக, மையம் நிஜம். பிறகு கடிதம் ஏன் பொய் சொல்கிறது? மேடம் அதை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். கடிதத்தில் பொத்தான் என்ற பேச்சே இல்லை.

செயலாளர் சொன்ன வாக்கியத்தை நோட்டைப் புரட்டிக் காட்டினேன். நான் தவறாக எழுதியிருக்கலாம் என்றும், அங்கே எல்லாப் பொத்தானும் பிளாஸ்டிக்தான் என்றும், காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். மேடம் என் எழுத்தைப் பார்க்கவில்லை. பல்லியைப் பார்த்தார்.

பல்லி ஸ்டீயரிங்கில் தாளம் போடுவதை நிறுத்தினார். "எழுத்து தப்பில்ல அண்ணி. அந்தாளு பித்தளைன்னு சொன்னப்ப நான் ஒரு வார்த்தை விட்டேனே? 'நிதியைக் கூட்டினா தங்கத்துல குடுப்பாங்களோ'ன்னு? நீங்ககூட முறைச்சீங்க."

அந்த நகைச்சுவை என் குறிப்பில் இல்லை. பல்லியின் வம்புகளை நான் எழுதுவதில்லை. எழுதினால் நோட்டு போதாது. அதனால்தான் இது என் நோட்டைப் பார்த்துச் சொன்ன சாட்சி இல்லை, தனிச் சாட்சி. முதல் முறையாக என் கையெழுத்தை நான் நம்பினேன்.

"இன்னொண்ணு," என்று பல்லி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவர் அவர். எந்த அலுவலகத்துக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அதன் தலையில் வரவு முத்திரையும் எண்ணும் தேதியும் விழும். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் விழும். இதில் விழவில்லை. உறையும் இல்லை.

நிதிக்குழுவின் தபால் எழுத்தரைப் பல்லி பழைய சகா மாதிரிப் பேசி வளைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மையத்தைப் பற்றி எந்தக் கடிதமும் வரவுப் பதிவேட்டில் இல்லை. குழு போட்ட தீர்மானமும் வேறு. மையம் இயங்குகிறதா என்று பார்த்து அறிக்கை பெற வேண்டும், உதவி பெற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. பத்துப் பெயர், விலாசம், சீல் வைத்த உறை எதுவும் குழு கேட்டதல்ல.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிதமும் அவர், கவலையும் அவர். நம்மளைத்தான் மோப்பம் பிடிக்க விட்டிருக்கார்."

மறுபடி 41ஆம் எண் மாடி. இம்முறை சிஸ்டர் உட்கார்ந்தார். நான் அந்த வாக்கியத்தைப் படித்தேன். 'பித்தளைப் பொத்தான்' என்ற இடத்தில் அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அலமாரிப் பக்கம் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, எதையோ தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எட்டு வருஷத்துல பித்தளை ஒரே ஜோடிதான். பழைய கோட்டுல இருந்து வெட்டினது. வேற எதுவும் கேட்காதீங்க."

"கேட்கல," என்றார் மேடம்.

எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இங்கே வேலை செய்கிறவர் சொன்னால் 'பொத்தான்' என்று மட்டும் சொல்வார். இங்கே எல்லாரும் பித்தளைப் பொத்தான்தான் வாங்கிப் போகிறார்கள் என்று நினைக்கிறவர், தன் வாழ்நாளில் அப்படி ஒன்றே ஒன்றைப் பார்த்தவர். அதை ஒருத்தியிடம் பார்த்தவர். எங்கிருந்து வந்தது என்று எப்படியோ மோப்பம் பிடித்து, அவள் இங்கே வந்து என்ன சொன்னாள், எழுத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நூற்று நாற்பது பேரையும் வலையில் அள்ளப் பார்த்தவர்.

"அவர் என்ன செஞ்சார்னு எனக்குத் தெரியாது. அதை நான் ஊகிக்கவும் போறதில்ல," என்றார் மேடம். "ஆனா நாளைக்கு இவ இந்த ஒரு வாக்கியத்தைக் குழு முன்னாடி படிச்சாப் போதும். அவர் எழுந்து போறதைத் தவிர வேற வழி இருக்காது. நிதியும் நிக்காது."

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு வந்ததில்லை. பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "படிச்சதும் அவர் எழுந்து எங்க போவார்?"

நான் நோட்டை மூடினேன். சிஸ்டரே தொடர்ந்தார்.

"அவர் அப்பாவா, புருஷனா, கூட வேலை செய்யுறவரா, எனக்குத் தெரியாது. அந்தப் பொத்தான் இருக்கிற இடத்துக்கு அவரால போக முடியும். அது மட்டும் தெரியுது. நேரா அங்கதான் போவார். அது காட்டிக் குடுத்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவார்."

தொலைபேசி மேசைப் பெண் யாரிடமோ, "பேர் வேண்டாம்மா, பேசு" என்றாள்.

மேடம் கணக்குப் போட்டார். பொத்தானை விட்டால் கையில் மிஞ்சுவது துணி அளவும் முத்திரை இல்லாத ஒரு காகிதமும்தான். முத்திரைக்கு அவர் சாக்குச் சொல்லலாம், வீட்டுக்கு வந்த கடிதம் என்பார். ஐந்து உறுப்பினரில் மூன்று பேராவது துணி அளவை நம்ப வேண்டும். நம்பாமலும் போகலாம். இதையெல்லாம் சிஸ்டரிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"நிதி போனா இன்னொரு வாசல்ல போய் நிப்பேன்," என்றார் சிஸ்டர். "அவ போனா எந்த வாசல்ல போய்க் கேட்பேன்?"

அத்துடன் முடிவாகிவிட்டது. பொத்தானுக்கு உரியவள் வழக்கமாக வரும் நாள் நெருங்குகிறது. எந்த நாள் என்று சிஸ்டர் எங்களுக்குச் சொல்லவில்லை. வரும்போது நேரில் எச்சரித்து, அவள் விரும்பினால் தங்க வேறு இடம் பார்ப்பது சிஸ்டர் பொறுப்பு. இறங்கும் வழியில் பல்லி துணிக்கடைக்குள் போனார். கடைக்காரர் நாளை அரைநாள் கடையைச் சாத்திவிட்டு நோட்டுடன் குழுவுக்கு வரச் சம்மதித்தார். பல்லிக்குப் பனியனும் கிடைத்தது.

ஐந்து மணிக்கு அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. செயலாளர். பெயர்கள் கிடைத்தனவா என்று கேட்டார். அங்கே பெயர் எழுதி வைக்கும் வழக்கமே இல்லை, யாரிடமும் இல்லை என்றார் மேடம். செயலாளர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"யார் எந்தக் கிழமை வர்றாங்கன்னாவது?"

"அதையும் எழுதறதில்ல சார்."

வைத்துவிட்டார். மேடம் ரிசீவரைத் துணியால் துடைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "நாளைக்கு அவர் தோக்கட்டும். எதனால தோத்தார்னு மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது," என்றார்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. தட்டச்சு செய்து வைத்திருந்த அறிக்கையில் பொத்தான் நான்கு இடத்தில் வந்திருந்தது. நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். குறிப்பு நோட்டையும் இந்த நோட்டையும் சிஸ்டரின் பூட்டிய அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறார் மேடம்.

நாளை ஏழு மணிக்கு அலுவலகம். அறிக்கையை முதலிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். துணி அளவுகளை வரிசை மாற்றி எழுத வேண்டும். கடிதத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, முத்திரை இருக்க வேண்டிய இடத்தைக் கட்டமிட்டுக் காட்ட வேண்டும். ஐந்து நகல், நேராக உறுப்பினர்கள் கையில். ஒன்பது மணிக்கு இரண்டு நோட்டுடனும் சிஸ்டரிடம். பத்தரைக்குத் துணிக்கடைக்காரரை வண்டியில் ஏற்ற வேண்டும். பதினொரு மணிக்குக் குழு.